லிப்பில் வந்த லிப்போமா

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நம்ம டயர்க்கடைக்காரர், "ஊசி குத்துன இடத்துல பேட்ச் ஒட்டாம அனுப்பிட்டாங்கப்பா, காத்து இறங்கிடப் போகுது" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்ததோடு போன வாரம் விட்டோம். இந்த வாரமும் மனிதர் திருந்தவில்லை. அவர் திருந்திவிட்டால் நான் என்னத்தை எழுதுவது?

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களாக அவருக்கு அடிக்கடி எங்காவது வீங்குகிறது. முதலில் கீழுதடு. அப்புறம் வலது கை, ஸ்பேனரைப் பிடிக்க முடியாத அளவுக்கு. அப்புறம் ஒரு கண். மறுபடியும் உதடு. அரிக்காது, சிவக்காது. மெதுவாக வரும், விருந்தாளி மாதிரி இரண்டு மூன்று நாள் தங்கும், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும். அலர்ஜி மாத்திரையை அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

அலர்ஜி என்று எவரோ வாயை வைத்ததிலிருந்து அந்த வீட்டுச் சமையலறைக்குக் கெட்ட காலம்.

"அவன் வாய்க்குள்ள என்ன போகுதுன்னு யார் பாக்குறாங்க? நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று அத்தை ஆரம்பித்தார். அத்தை என்றால் டயர்க்காரரின் அக்கா. டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியே மீனை நிறுத்தினார். முட்டையை நிறுத்தினார். கத்தரிக்காயும் வேர்க்கடலையும் ஒன்றன்பின் ஒன்றாக வீட்டை விட்டு வெளியேறின. பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூட உள்ளே வரத் தடை. வீக்கத்துக்கு மட்டும் தடை போட யாராலும் முடியவில்லை.

அம்மா, அதாவது டயர்க்காரரின் மனைவி, மழலையர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஒரு வேன் நிறையக் குழந்தைகள் கத்தினாலும் காதில் வாங்காமல் ஓட்டுவார். நாத்தனார் விடுகிற ஒரே ஒரு பெருமூச்சை மட்டும் அவரால் காதில் வாங்காமல் இருக்க முடியாது. "என் கையால சாப்பிட்டுத்தான் இந்த மனுஷன் வீங்குறாரா?" என்று வேனுக்குள் தனியாக உட்கார்ந்து அழுததை நாமும் பார்த்தோம், அவர் மகளும் பார்த்தாள்.

மகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். அப்பா அவளுக்கு வைத்த பெயர் வால்வு. "சின்னதாத்தான் இருக்கும், ஆனா அது இல்லேன்னா எந்தச் சக்கரமும் நிக்காது" என்பது அப்பாவின் விளக்கம். "பேர்லயே வால் இருக்குல்ல, அதான் பொருத்தம்" என்பது அத்தையின் விளக்கம். அந்த வால்வுதான் அப்பாவை இழுத்துக்கொண்டு போய், இரத்த நோய்களைப் பார்க்கிற மருத்துவர் முன்னால் உட்கார வைத்தவள். ரத்தம் எடுத்தார்கள். வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். முடிவு வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

கூப்பிட்டார்கள். கூப்பிட்ட நம்பர்தான் வினையாகப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் நம்பர் கேட்டபோது டயர்க்காரர் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருந்தார். "கடையில கையெல்லாம் கிரீஸு. செல்போனை எடுத்தா அது வழுக்கிக்கிட்டுப் போயிடுது" என்று காரணம் வேறு. அந்தத் தொலைபேசியோ அத்தையின் ராஜ்ஜியம். மணி அடித்தால் வேறு யாரும் தொடக் கூடாது.

"நாப்பது வருஷம் இந்தக் காதை வச்சுத்தான் சம்பாதிச்சேன். என் காதுல தப்பா ஒரு வார்த்தை விழுந்ததா ரெக்கார்டே கிடையாது" என்பார்.

அன்று காலை மணி அடித்தது. அத்தை முந்தானையால் ரிசீவரைத் துடைத்து, தொண்டையைச் செருமி, எடுத்தார்.

"ஆஸ்பத்திரியிலருந்து பேசறோம்மா. டயர்க்கடை சார் வீடுதானே? ரிசல்ட் வந்திருக்கு. லிம்போமாவான்னு உறுதி பண்ணணும்."

"லிப்போமாவா?"

"லிம்போமாம்மா."

"அதைத்தான் நானும் சொல்றேன். லிப்போமா."

நர்ஸுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தொலைபேசிகள் அலறிக்கொண்டிருந்தன. பாவம், அவள் என்ன செய்வாள். "சரிம்மா. நாளைக்குக் காலையில போன் மேரோ டெஸ்ட் இருக்குன்னு சொல்லிடுங்க."

"போன் மேல டெஸ்ட். சொல்லிடறேன். நன்றி, வணக்கம்."

வைத்துவிட்டார். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டால் நாற்பது வருஷ சர்வீஸுக்கு என்ன மரியாதை?

காலை டிரிப் முடித்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த அம்மா, வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன அண்ணி? என்னவாம்?"

"உக்காரு, சொல்றேன். பயப்படாதே. அவனுக்கு வந்திருக்குறது லிப்போமா."

"அப்படின்னா?"

"லிப்புன்னா என்ன?"

"உதடு."

"அவ்ளோதான். உதட்டுல வந்தா லிப்போமா."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அவருக்குக் கையிலயும் வந்துச்சே அண்ணி. கண்ணுலயும் வந்துச்சே."

"அதெல்லாம் கிளை ஆபீஸு. ஹெட் ஆபீஸு உதட்டுலதான்."

இதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்? இருந்தாலும் அம்மா இன்னொன்று கேட்டார். "டெஸ்ட்டு ஏதும் இல்லையா?"

"இருக்கு. நாளைக்குக் காலையில. போன் மேலயே பண்ணிடுவாங்களாம்."

"போன்லயா! எப்படி அண்ணி?"

"இப்பல்லாம் எதும்மா போன்ல நடக்கல? பணம் போகுது, படம் வருது. ஒரு டெஸ்ட்டு நடக்காதா?" அத்தையின் குரலில் ஒரு பெருமை. தன் பழைய இலாகா இவ்வளவு தூரம் முன்னேறிவிட்டதே என்கிற பெருமை.

இந்த இடத்திலாவது யாராவது தடுத்திருக்கலாம். தடுக்க வேண்டிய ஆளே சேர்ந்து தள்ளிவிட்டார். சந்தேகம் தீராத அம்மா, தெருமுனை மருந்துக் கடைக்குப் போய், "லிப்போமான்னா என்னங்க?" என்று கேட்டார்.

"லிப்போமாவா? அது சும்மா கொழுப்புக் கட்டிங்க. ஒண்ணும் பண்ணாது. பயப்படவே வேணாம்" என்றார் மருந்துக் கடைக்காரர். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கேள்விதான் தப்பு.

விஷயம் தெரிந்ததும் அத்தை கைதட்டினார். "கொழுப்பா! அவனுக்குக் கொழுப்புன்னு நான் அவன் அரை டிராயர் போட்ட காலத்துலருந்தே சொல்லிக்கிட்டிருக்கேன். யார் கேட்டீங்க?"

அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்ப என் சமையல்ல ஒண்ணும் இல்லையா அண்ணி?"

அத்தை முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "நான் எப்பம்மா உன் சமையலைச் சொன்னேன்?"

இதைக் கேட்டதும் அம்மா முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார் பாருங்கள், அத்தைக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. தண்ணீரைக் குடித்துவிட்டு அம்மா பையை எடுத்தார், வேன் சாவியை எடுத்தார், நேராகச் சந்தைக்குப் போனார்.

அத்தை கடைக்குப் போன் போட்டுத் தம்பியிடம் செய்தியை ஒப்பித்தார். பிறகு பேக்கரியிலிருந்து ஒரு பெட்டி கேக் வரவழைத்து, தெருவில் வீடு வீடாகப் போய், "தம்பிக்கு வெறும் லிப்போமாதான்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். வாங்கியவர்களும் "ரொம்பச் சந்தோஷம்" என்று சாப்பிட்டார்கள். பூனைக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

மகளுக்கு இந்தக் கூத்து எதுவும் தெரியாது.

மதியம், கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவரை உட்கார வைத்து, "கடைசி வரி தெரியுதாங்க? படிங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முடிவு வரவில்லையே என்று அவள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வைத்திருந்ததால், மருத்துவரே அவளைக் கூப்பிட்டார். பெரியவரிடம் ஒரு நிமிஷம் என்று கைகாட்டிவிட்டு, கண்ணாடி பிரேம்கள் அடுக்கிய அலமாரிப் பக்கம் திரும்பி நின்று கேட்டாள்.

"வீக்கம் நோய் இல்லம்மா" என்றார் மருத்துவர். நிதானமாகப் பேசுகிற மனிதர். "உள்ள ஒண்ணு இருக்கு, அதோட அடையாளம்தான் வீக்கம். உடம்புல வீக்கம் வராமப் பாத்துக்குற ஒரு புரதம் இருக்கு. உங்கப்பா ரத்தத்துல அது ரொம்பக் குறைஞ்சுபோச்சு. ஏன் குறையுதுன்னு தேடிப் போனோம். மண்ணீரல் பெருசா இருக்கு. வெள்ளை அணுல ஒரு வகை, அளவுக்கு மீறிப் பெருகியிருக்கு. லிம்போமான்னு சந்தேகப்படறேன்."

"அது புற்றுநோய்தானே டாக்டர்?"

"ரத்தத்துல வர்ற புற்றுநோய்ல ஒரு வகை. ஆனா மெதுவா வளர்ற ரகம் மாதிரித்தான் தெரியுது. மருந்து இருக்கு. அதை அடக்கிட்டா வீக்கமும் நின்னுடும், நிறையப் பேருக்கு நின்னிருக்கு. எலும்பு மஜ்ஜையைப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். நாளைக்குக் காலையில கட்டாயம் கூட்டிட்டு வந்துடுங்க. இன்னொண்ணு, இதை மறக்காதீங்க."

"சொல்லுங்க டாக்டர்."

"உதட்டுல வர்ற வீக்கம் நாக்குக்கோ தொண்டைக்கோ வந்தா மூச்சு அடைச்சிடும். அலர்ஜி ஊசிக்கு அது அடங்காது. அதுக்குன்னு தனி மருந்து எங்ககிட்ட இருக்கு. நாக்கு தடிச்சாலோ, பேச்சு குழறினாலோ, குரல் மாறினாலோ, எனக்குப் போன் பண்ணிக்கிட்டு நிக்காம, நேரா எமர்ஜென்சிக்கு வந்துடணும்."

போனை வைத்தாள். அலமாரிக் கண்ணாடியில் அவள் முகம் நாலைந்தாகத் தெரிந்தது, எல்லாம் கலங்கித் தெரிந்தது. பின்னாலிருந்து பெரியவர், "கடைசி வரி தெரியலம்மா" என்றார்.

"எனக்கும் தெரியலங்க" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவளை மீன் வறுக்கிற வாசனை வாசலுக்கே வந்து வரவேற்றது. அடுப்படியில் முட்டை வெந்துகொண்டிருந்தது. கத்தரிக்காய் வதங்கிக்கொண்டிருந்தது. வேர்க்கடலையை அத்தையே உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார். நாடு கடத்தப்பட்ட அத்தனை பேரும் ஒரே நாளில் ஊர் திரும்பியிருந்தார்கள்.

"வாடி வால்வு! சேதி தெரியுமா?" என்று அத்தை ஆரம்பித்தார். லிப்பிலிருந்து ஹெட் ஆபீஸ் வரைக்கும், போன் மேல டெஸ்ட் வரைக்கும், மருந்துக் கடைக்காரர் சாட்சி வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்புங்கள். அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். அத்தையும் சேர்ந்து சிரித்தார். அத்தை சிரிப்பை நிறுத்தின பிறகும் அவள் கண்ணில் நீர் நிற்கவில்லை.

"என்னடி, சிரிக்கிறியா அழறியா?"

"வெங்காயம் அத்தை."

"இன்னும் வெங்காயமே அரியலையேடி."

அதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து ஒரு துண்டு மீனைக் கையிலேயே ஏந்தி, ஊதி ஊதிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. மகள் அந்த முகத்தைப் பார்த்துப் பல மாதம் ஆகிறது.

"உப்பு பாருடி. கையே மறந்துபோச்சு எனக்கு."

வாயில் வாங்கிக்கொண்டாள். இந்த அம்மாவிடம் இப்போது எப்படிச் சொல்வது? உங்கள் சமையலில் குற்றமில்லை அம்மா, குற்றம் ரத்தத்தில் என்று சொல்ல வாய் வருமா?

"நல்லா இருக்கும்மா" என்றாள். "அப்பாவைப் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

"அவர் எங்க வருவாரு? நாளைக்குக் காலையில லாரி ஷெட்டுல பெரிய வேலை ஒத்துக்கிட்டிருக்காராம். கடையிலயே கிடப்பாரு. நான் பின்னாலயே சாப்பாடு எடுத்துக்கிட்டு வர்றேன்."

"நாளைக்குக் காலையிலயா?"

"ஆமா. டெஸ்ட்டுதான் போன்லயே முடிஞ்சுடுமே" என்றார் அத்தை. "ஒரு கையில போனு, ஒரு கையில ஸ்பேனர். அவன் சமாளிப்பான்."

மகள் செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் கிளம்பினாள். நாளைக் காலை அப்பா லாரி ஷெட்டில் இருக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவர் பிடிவாதக்காரர். முதல் தடவை அவரை அங்கே கூட்டிப்போகவே ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தவள் அவள்.

கடையில் ஒரு சரக்கு வேன்காரர் மாட்டிக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார். அவருடைய முன் டயரின் பக்கவாட்டில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. நம்ம ஆள் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"மேல பாத்தா நல்லாத்தானே இருக்குண்ணே" என்றார் வேன்காரர். "கொஞ்சம் காத்தைக் குறைச்சா வீக்கம் அமுங்கிடும்ல?"

"அமுங்கும். நாளைக்கு மறுபடி கிளம்பும். ரப்பர்ல என்னய்யா குத்தம்? உள்ள நூல் அறுந்திருக்கு. வெளியில வீங்குறது உனக்குச் சேதி சொல்லுது. சேதியை அமுக்கிட்டா விஷயம் இல்லேன்னு ஆயிடுமா?"

"இல்ல, இன்னும் எவ்ளோ தூரம் ஓடும்னு..."

டயர்க்காரர் கட்டைவிரலால் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். அங்கே அவரே சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார்: 'இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்காதீர்.' எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தாலும் கோபம் நேராக இருந்தது.

வேன்காரர் முனகிக்கொண்டே டயரை மாற்றச் சம்மதித்தார். வேலை முடிந்து அவர் போகும்வரை மகள் ஒரு பழைய லாரி டயர் மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். அப்பா தண்ணீர் ஜாடியை எடுத்து மடக் மடக்கென்று குடித்தார், தொண்டையைச் செருமினார். "இவங்களோட கத்திக் கத்தியே தொண்டை கட்டிக்குது. என்ன வால்வு, லிப்போமாவைப் பாக்க வந்தியா?"

எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு அவளுக்கு மறந்துபோயிருந்தது. அதனால்தான் அந்தச் செருமலை அவள் கவனிக்கவில்லை. யாரும் அவளைக் குறை சொல்ல வேண்டாம்.

"அப்பா, அத்தை காதுல தப்பா விழுந்திருக்கு."

"அவ காதுல என்னைக்குச் சரியா விழுந்துச்சு? எக்சேஞ்சுல அவ மாத்திக் குடுத்த லைன்ல ரெண்டு பேருக்குக் கல்யாணமே ஆயிடுச்சு, தெரியுமா?"

"லிப்போமா இல்லப்பா. லிம்போமா."

"ஒரு எழுத்துதானே. 'ப்' போச்சு, 'ம்' வந்துச்சு."

"அந்த ஒரு எழுத்துதான்பா எல்லாமே."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். மகளின் குரலைக் கேட்டு வைத்தார் என்றுதான் நினைக்கிறேன். "அதுல கொழுப்பு கிடையாதா?"

"கிடையாது. ரத்தம். ரத்தத்துல வர்ற புத்துநோய்னு சந்தேகப்படறாங்கப்பா."

தெருவில் ஒரு பஸ் போனது. டயர்க்காரர் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு புது டயரைத் துடைத்தார். சுற்றிச் சுற்றித் துடைத்தார்.

"உங்கத்தை தெரு முழுக்கக் கேக் குடுத்துட்டாளே" என்றார் கடைசியில். "திருப்பி வாங்கவும் முடியாதே."

"அப்பா!"

"சரி சரி. சொல்லு."

அவள் சொன்னாள். மெதுவாக வளர்கிற வகை மாதிரித் தெரிகிறது என்பதை இரண்டு தடவை சொன்னாள். மருந்து இருக்கிறது என்பதை மூன்று தடவை சொன்னாள். "நாளைக்கு டெஸ்ட்டு போன்ல இல்லப்பா. ஆஸ்பத்திரியில. அந்தப் போன் வேற, எலும்பு. இடுப்பு எலும்புக்குள்ள இருந்து மஜ்ஜை எடுத்துப் பாப்பாங்க."

"எலும்புக்குப் போன்னு பேரு வச்சவன் எவன்? அவன் மட்டும் கையில கிடைச்சான்..." தொண்டையைச் செருமினார். "நாளைக்கு லாரி ஷெட்டுல வேலை இருக்கு வால்வு. வார்த்தை குடுத்துட்டேன். அடுத்த வாரம் பாத்துக்கலாம். இப்ப பாரு, உதடு நல்லாத்தானே இருக்கு. வீக்கமே இல்ல. வந்தா ரெண்டு நாள்ல தானாப் போயிடுது."

"காத்தைக் குறைச்சா அமுங்கிடும்ல?"

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"மேல பாத்தா நல்லாத்தானே இருக்குண்ணே" என்றாள் அவள், அந்த வேன்காரரின் குரலிலேயே. "உள்ள நூல் அறுந்திருக்குப்பா. இத்தனை மாசமா அது சேதி சொல்லிக்கிட்டே இருக்கு. நாமதான் அம்மா சமையலைத் திட்டிக்கிட்டு இருந்துட்டோம்."

டயர்க்காரர் அந்த வேன்காரர் விட்டுப்போன பழைய டயரை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். புடைப்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். அது அமுங்கியது. விரலை எடுத்ததும் எழும்பியது. இவ்வளவு காலம் எத்தனை பேரைத் திட்டியிருப்பார், எத்தனை பேரை அந்தச் சுவரைக் காட்டி வாயடைத்திருப்பார். எனக்கே அவரைப் பார்க்க மனசு தாங்கவில்லை.

டயரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இன்னும் எவ்ளோ தூரம் ஓடும்னு சொன்னாரு டாக்டர்?"

மகள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டைவிரலால் சுவரைக் காட்டினாள்.

அவர் திரும்பித் தன் கையெழுத்தையே பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு. கிரீஸ் கையோடு கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பு. அவளும் சிரித்தாள், அழுதாள், அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் சட்டையிலும் கிரீஸ்.

"ஷரி" என்றார் அப்பா. "லாரிக்காரன் கிடக்கட்டும். நாளைக்கு வர்றேன்."

அவளுக்கு உயிர் வந்தது. அந்தச் சந்தோஷத்தில், சரி என்பது ஏன் ஷரி என்று விழுந்தது என்று யோசிக்கவில்லை. அழுத வாய் குழறும் என்று நினைத்துக்கொண்டாள்.

"உங்கம்மா மீன் ஷமைக்குதாமே. இன்னைக்கு ஒண்ணும் பேஷ வேணாம். ஷாப்பிட்டு முடிக்கட்டும். என்ன, வாவ்வு?"

"அது என்னப்பா புதுப் பேரு?" என்று சிரித்தாள்.

"வாவ்வு" என்றார் அவர். நின்றார். இன்னொரு தடவை முயன்றார். "வா... வ்வு."

'ல்' வரவில்லை. வாய்க்குள் நாக்கு, யாரோ காற்றடித்தது போலத் தடித்துக் கிடந்தது. அவர் கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று. அவர் கண்ணில் இதுவரை அவள் பார்த்தே இராத ஒரு பயம்.

அதே நேரம் குழந்தைகள் பாட்டு ஹாரன் அடித்துக்கொண்டு, முயலும் யானையும் வரைந்த மஞ்சள் வேன் கடை வாசலில் வந்து நின்றது. அம்மா ஓட்டுகிற சீட்டிலிருந்தே சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினார். பின்னால், மழலைகள் உட்காருகிற குட்டி சீட்டில், முழங்கால் தாடையில் இடிக்க அத்தை உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க! கத்தரிக்காயும் கொண்டாந்திருக்கேன்! பயப்படாம ஒரு பிடி பிடிங்க!" என்று சிரித்தபடி, அம்மா சாவியைத் திருகக் கையை வைத்தார்.

அப்பாவின் இடுப்பைச் சுற்றிக் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டே மகள் கத்தினாள்.

"அம்மா, வண்டியை ஆஃப் பண்ணாதே!"